மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில்

லிப்ட்டக்காவின் நோயை அவள் வீட்டுக்காரர் ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "வேலியே பயிரை மேயுது." அதில் தப்பில்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, யார் எதிரி என்று தெரியாமல் அவளுடைய சொந்த மூட்டுகளையே போட்டு அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு தெளிவாகச் சொன்ன மனிதர்தான் ஒரு நாள் சாயங்காலம் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி என்று ஒரு டப்பாவோடு வந்து நின்றார்.

"அடிக்கிறவன் கையில இன்னொரு தடியையும் குடுக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"நல்லதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

எல்லாரும்! அந்த எல்லாரையும் ஒரு நாள் வரிசையில் நிறுத்திப் பேச வேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை.

டாக்டர்கள் அறை எடுத்து உட்கார்ந்திருக்கும் ஆறு மாடிக் கட்டடத்தில் லிப்ட் ஓட்டுவது அவள் வேலை. பழைய லிப்ட். கம்பிக் கதவைக் கையால் இழுத்துச் சாத்தினால்தான் நகரும். ஓடும்போது நாலு விரல் அகலம் திறந்தாலும் அங்கேயே நின்றுவிடும். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது அதை இழுக்க வேண்டும். விரல் மடங்காவிட்டால் வேலை போச்சு.

மூன்றாம் மாடி மூட்டு டாக்டர் காலையில் மட்டும் வருவார். எதிர்ப்பு சக்தியை அடக்க, வாரம் ஒரு நாள் போடும் மாத்திரை ஒன்றும் தினமும் போடும் சின்ன மாத்திரை ஒன்றும் கொடுத்தார். விரல்கள் மடங்கின. ஆனால் காவலை அடக்கி வைத்தால் திருடன் சும்மா இருப்பானா? முதுகில் சீழ்க்கட்டி. அது ஆறினால் சிறுநீரில் எரிச்சல். இரண்டு வருடத்தில் மூன்று முறை நிமோனியா. ஒவ்வொரு முறையும் பத்து நாள் படுக்கை. மூன்றாவது முறை கட்டட மேனேஜர் சொல்லிவிட்டார், "இன்னொரு தடவை படுத்தீங்கன்னா வேற ஆள் பாத்துக்குவேன்."

ஐந்தாம் மாடி நுரையீரல் டாக்டர் மாலையில் மட்டும் வருவார். "முதல்ல அந்த மாத்திரையை நிறுத்துங்க" என்றார். நிறுத்தினாள். ஒரு மாதத்துக்குள் விரல்கள் வீங்கி, கதவில் முழங்கையைக் கொடுத்து இழுத்தாள். "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" என்று மூன்றாம் மாடி சத்தம் போட்டது. மறுபடி போட்டாள். மறுபடி சளி. "யாரைக் கேட்டு ஆரம்பிச்சீங்க?" என்று ஐந்தாம் மாடி. மறுபடி நிறுத்தினாள், மறுபடி முழங்கை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இருவரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி அவள் பைலில்தான் வைத்தார்கள். எழுதினார்களே தவிர, அவர் எழுதியதை இவரோ இவர் எழுதியதை அவரோ பிரித்துப் பார்த்ததில்லை. பைல் மட்டும் தடித்தது.

ஒரு புதன்கிழமை ஆறாம் மாடியில் டாக்டர்கள் கூட்டம். இரண்டு பேரும் ஒன்றாக லிப்ட்டில் ஏறினார்கள். பதினோரு வருடத்தில் அவள் பார்த்திராத காட்சி. கார் நிறுத்த இடம் கிடைக்காததைப் பற்றி உருகி உருகிப் பேசினார்கள். இரண்டாம் மாடி தாண்டியதும் அவள் இருமினாள். அப்போதுதான் இருவருக்கும் அவள் நினைவு வந்தது.

"மாத்திரையை நிறுத்தலையே?" என்றார் மூட்டு டாக்டர்.

"மாத்திரையை நிறுத்திட்டீங்கல்ல?" என்றார் நுரையீரல் டாக்டர்.

இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. லிப்ட்டக்காவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. மூன்றாம் மாடி கடந்ததும் முழங்கையால் கதவை நாலு விரல் திறந்தாள். லிப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. நான் கதவைச் சாத்துறேன்."

"கூட்டத்துக்கு நேரமாச்சும்மா!"

"எனக்கு ரெண்டு வருஷமாச்சு சார்."

வேறு வழியில்லாமல் பேசினார்கள். கிருமித் தொற்று இருக்கும்போது வார மாத்திரையை மட்டும் நிறுத்துவது, தினசரி மாத்திரையைத் திடீரென்று விடாமல் இருப்பது, தொற்று ஆறியதும் இன்ன அளவில் திரும்பத் தொடங்குவது. நாலு நிமிடம்கூட ஆகவில்லை. கடைசியில் மூட்டு டாக்டர் மற்றவரிடம் சாதாரணமாகக் கேட்டார், "இவங்களுக்கு நிமோனியா தடுப்பூசி நீங்க போட்டுட்டீங்கல்ல?"

"நானா? மருந்து ஆரம்பிக்கும்போதே நீங்க போட்டிருப்பீங்கன்னு நெனைச்சேன்."

கீழேயிருந்து மேனேஜர் கத்துவது கேட்டது. மூன்று நிமோனியா, முப்பது நாள் படுக்கை, போகவிருந்த வேலை. கோபத்தில் அவளுக்கு அழுகையே வந்தது. இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"எழுதிக் குடுங்க," என்றாள். "ஒரே சீட்டுல. ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்."

எழுதினார்கள். அவள் முழங்கையால் கதவை இழுக்கத் திணறுவதைப் பார்த்து மூட்டு டாக்டர் கை நீட்டினார். "விடுங்க சார், இது என் வேலை," என்று அவளே சாத்தினாள்.

இருமல் அடங்கி அடுத்த வாரம் தடுப்பூசி போடப் போனாள். போனாள் என்பதே பெரிய வார்த்தை. ஊசி போடும் அறை தரைத்தளத்தில், லிப்ட்டுக்கு நேர் எதிரே, அவள் ஸ்டூலிலிருந்து பத்தடி. பதினோரு வருடமாக அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸுக்கு அரை நிமிட வேலை. "வலிக்குதாக்கா?" என்று கேட்டாள்.

"ஊசி வலிக்கலம்மா," என்றாள் லிப்ட்டக்கா. மேலே யாரோ மணியடித்தார்கள். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு அந்தப் பத்தடியையும் நடந்தாள்.