லென்ஸ் இல்லாத நுண்ணோக்கி

வெங்காயத்தை உரித்து, உள்தோலை ஊசியால் எடுத்து, சாயம் சொட்டி, கண்ணாடித் தகட்டில் பரப்பப் பதினோரு நிமிடங்கள் ஆயின. அன்றைய என் நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. அன்று நடந்த அறிவியல் அந்தப் பதினோரு நிமிடங்கள்தான்.

செஞ்சியில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு நான் அறிவியல் ஆசிரியன். கணிதம், அறிவியல் கற்றலை மேம்படுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. மேம்பட்டதற்கு அத்தாட்சி போட்டோ. வாரம் ஒரு சோதனை, அதற்கு ஒரு படம், மாலை நான்குக்குள் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும்.

நுண்ணோக்கியில் திருகிப் பொருத்தும் லென்ஸ்கள் மட்டும் தலைமையாசிரியரின் பீரோவில், பஞ்சில் சுற்றிப் பூட்டிக் கிடந்தன. முன்பு ஒன்று காணாமல்போய்த் தணிக்கையில் அவர் பதில் சொல்ல நேர்ந்ததாம். அதன்பின் வகுப்புக்கு வெறும் கருவிதான் வரும். நான்கு முறை கேட்டேன், பிறகு விட்டுவிட்டேன்.

சாயம் சொட்டியது அவலூர்பேட்டை பஸ்ஸில் வரும் ஒரு மாணவி. செல் எப்படி இருக்கும் என்று மூன்று நாட்களாகக் கேட்டுக்கொண்டிருந்தவள். முதல் ஆளாகக் குனிந்தாள்.

“சார், ஒண்ணுமே தெரியல. வெறும் வெளிச்சமா இருக்குது.”

தலைமையாசிரியர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார். “பாக்குற மாதிரி நில்லும்மா, போதும். உன்ன இன்னா ஜாதகமா பாக்கச் சொன்னேன்?”

“கண்ணாடி போடுடீ, பவர் போயிடுச்சு உனக்கு” என்றாள் பின்னால் நின்றவள். வகுப்பே சிரித்தது.

படம் போனது. கட்டைவிரல்களும் கைதட்டல்களும் வந்து குவிந்தன. லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருப்பது படத்தில் தெளிவாகவே தெரிந்தது. அறிவியல் படித்தவர்கள் நிறைந்த குழு அது. ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் நோட்டுகள் வந்தன. எல்லாவற்றிலும் பாடநூல் படம், செங்கல் அடுக்கியதுபோல் செல்கள். யாருமே பார்க்காத செல்கள். அவள் மட்டும் ஒரு வெற்று வட்டம் போட்டு, ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.

நோட்டுகளைப் புரட்டிப் பார்த்த தலைமையாசிரியர் அந்தப் பக்கத்தைத் தட்டினார். “இன்னா சார் இது? ஆய்வுக்கு வந்தா இதையா காட்டுவீங்க? மாத்தி எழுதச் சொல்லுங்க. இல்லன்னா மார்க்க கொறைங்க.”

“லென்ஸ குடுங்க சார். பாத்துட்டு அதுவே எழுதும்.”

“தொலஞ்சா உங்க பொறுப்புன்னு எழுதிக் குடுப்பீங்களா?”

குடுக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஓய்வூதியம்வரை நினைப்பு ஓடிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே எழுந்துபோனார்.

அவளைக் கூப்பிட்டு மாற்றி எழுதச் சொன்னேன்.

“பாக்காதத எப்டி சார் எழுதறது?”

“புக்குல இருக்கிற மாதிரி எழுதும்மா.” அந்த அழுகிய வாக்கியம் என் வாயிலிருந்துதான் வந்தது.

மறுநாள் புதிய பக்கம் கொண்டுவந்தாள். அளவுகோல் பிடித்த கோடுகள், ஊதா நிறத்தில் உட்கரு. மற்ற எல்லாருடையதையும்விட அழகாக இருந்தது. பழைய பக்கத்தைக் கிழித்த ஓரம் தையலில் ஒட்டிக்கொண்டிருந்தது. தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் இலைத்தோல். லென்ஸ்கள் அப்போதும் பீரோவில்தான். தலைமையாசிரியர் போனை எடுத்ததும், யாரும் சொல்லாமலே அவள் போய்க் குனிந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படம் எடுத்து முடிக்கும்வரை அசையாமல் நின்றாள். எதுவும் கேட்கவில்லை.