ஆடாத குச்சி

கடையின் தரையில் மண்டியிட்டு, மூன்று கால் குச்சியை விரித்து, அதன் கவையில் துப்பாக்கிக்குப் பதிலாகத் தன் குடையை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைக் குறிபார்க்கிறார் லேப் அக்கா. குடையின் நுனி லேசாக அசைகிறது.

"ஆடுதுங்க."

"குச்சி ஆடலம்மா. நீங்க பேசிக்கிட்டே இருக்கீங்க," என்கிறார் கடைக்காரர்.

அக்கா வாயை மூடுகிறார். குடை அசையாமல் நிற்கிறது. அதற்கும் அவரிடம் பதில் இருக்கிறது: "பேசினா ஆடுற குச்சி எனக்கு எதுக்கு?"

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவர் என்பதால் எங்கள் ரைஃபிள் கிளப்பில் அவருக்கு இந்தப் பெயர். நின்றபடி, எந்தத் தாங்கலும் இல்லாமல் சுடுவதில் அவரை நெருங்க ஆளில்லை. குச்சியில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடும் என்னைப் போன்றவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். "நட்டாச்சா? அந்தப் பக்கமும் ஒண்ணு நட்டுக் கயிறு கட்டுங்க, துணி காயப்போடலாம்" என்பார்.

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அக்காவுக்கு இடது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. எடை தூக்கி நிறுத்திப் பிடிக்கும் வேலையே இனி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றே அக்கா துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். "திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. சாவியை என் கையில குடுத்துட்டுப் போயிட்டா," என்றார் அவர் கணவர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். குச்சி வைத்துச் சுடச் சொன்னது அவர்தான். ஊன்றுகோல் பிடிக்கிற வயசா எனக்கு என்று அக்கா சீறியதற்கு, "நான் பஸ்ஸைத் தோள்லயா தூக்கிட்டுப் போனேன்? சக்கரத்துல வச்சுதானே ஓட்டினேன். என் மானம் என்ன போச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

ஆட்டம் அதன்பிறகுதான் ஆரம்பித்தது. குச்சி தேடி அக்கா ஏறாத கடையில்லை. இரண்டு கால் குச்சி பக்கவாட்டில் அசையாது, முன்னும் பின்னும் சாயும். "கூப்பிட்ட பக்கமெல்லாம் வருது" என்று அதைத் தள்ளினார். எடையே இல்லாத விலை உயர்ந்த ஒன்று, "விசிறிக் காத்துக்கே தலையாட்டுது." இன்னொன்று உயரம் போதாமல், "ஆமை மாதிரி கழுத்தை நீட்டிச் சுடணுமா?" என்று கேள்வி வாங்கியது. கவைக்குள் ரப்பர் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டுவார். கால்களைச் சிமெண்டுத் தரையில் இழுத்து வழுக்குகிறதா என்று பார்ப்பார். கடைசியாகக் கணவரைக் கூப்பிட்டு, "பக்கத்துல ஒரு நடை நடங்க" என்பார். கனத்த மனிதர் அவர். தரை அதிர அவர் நடக்க, அக்கா குடையின் நுனியையே பார்ப்பார்.

"என்னைக் கட்டிக்க ஒருநாள்கூட யோசிக்காதவ, ஒரு குச்சிக்கு இந்தப் பாடு படுத்தறா," என்று அவர் என்னிடம் முறையிட்டார்.

"உங்களையும் கடையில வச்சிருந்தா ஆட்டிப் பார்த்துதான் எடுத்திருப்பேன்," என்றார் அக்கா, திரும்பாமலேயே.

ஒருவழியாக வாங்கினார். கனமான மூன்று கால்கள், அடியில் அகன்ற ரப்பர், உயரத்தைத் திருகி நிறுத்தும் மறைகள். கிளப் போட்டியில் குச்சிக்காரர்கள் பிரிவில் பெயர் கொடுத்தார். துணி காயப்போடுவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறக்க நினைத்தேன், அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

முதல் குண்டு இலக்கு அட்டையின் ஓரத்தில் போய் விழுந்தது. அக்கா குச்சியை முறைத்தார். மறைகளைத் திருகிப் பார்த்தார், கால்களைத் தட்டிப் பார்த்தார். குச்சி கல்லாகத்தான் நின்றது. பார்வையாளர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்குத் தெரிந்தது: அவருடைய இடது கை கவையை விரல் வெளுக்க நெரித்துக்கொண்டிருந்தது. பயம்.

"ஏம்மா! கையை இறுக்காதே! லூசா விடு!" என்று கத்திவிட்டார் கணவர். ஊசியை நீட்டியபடி ஊரில் பாதிப் பேரிடம் அக்கா சொல்லியிருக்கும் அதே வார்த்தை.

கத்தியதற்காக நடுவர் கணவரை வெளியே அனுப்பினார். அவரும் தலையைக் குனிந்துகொண்டு போனார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அடுத்து சுட்டதெல்லாம் நடுவட்டத்தை விட்டு வெளியே போகவில்லை.

பரிசு மூன்று பேருக்கு. அக்கா நான்காவது.

வாசலில் காத்திருந்த கணவர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த முதல் குண்டு மட்டும்..." என்று ஆரம்பித்தார்.

அக்கா அட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கினார். கைப்பையைத் துழாவி, ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டும் சின்ன வட்டப் பிளாஸ்திரி ஒன்றை உரித்து, ஓரத்திலிருந்த அந்த ஒற்றை ஓட்டையின் மேல் ஒட்டினார். ஒட்டிவிட்டு, கட்டைவிரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.