கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் நடுவே பதினெட்டு அடி

எங்கள் வீட்டுக் கேட்டிலிருந்து கார் நிற்கும் போர்டிகோ வரை பதினெட்டு அடி. அத்தனையும் கான்கிரீட் சரிவு. ஏறி வரும்போது மூச்சு வாங்காது, இறங்கும்போது கார் தானாக உருளும். மற்றபடி சாதுவான சரிவுதான். எட்டு வருடங்களுக்கு முன் அதைப் போட்டபோது நான் வைத்த ஒரே நிபந்தனை, அது கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்பது.

ஏன் கண்ணாடி மாதிரி என்றால், சொந்த வீட்டு வேலை நடக்கும்போது கைகட்டி நிற்கும் ஆண் எதையாவது சொல்லியாக வேண்டும். கம்பி எத்தனை எம்எம் என்று எனக்குத் தெரியாது. ஜல்லியில் முக்கால் இன்ச், ஒன்றரை இன்ச் என்று ஜாதிகள் இருப்பதும் தெரியாது. கான்கிரீட்டைப் பற்றி நான் படித்திருந்ததெல்லாம் ரோமானியர்கள் கடலுக்குள் கட்டிய துறைமுகங்களைப் பற்றித்தான். அந்த ஞானத்தை வைத்துக்கொண்டு மேஸ்திரியிடம் பேச்சை ஆரம்பிக்க வழியில்லை. ஆகவே, "பளபளன்னு வேணுமுங்க. முகம் தெரியோணும்" என்றேன்.

மேஸ்திரி உக்கடம் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கரணையைத் துடைத்துக்கொண்டே சரிவை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். "பண்ணிரலாமுங்க சார்" என்றார். பிறகு வானத்தைப் பார்த்தபடி, "மழை நாள்ல மட்டும் கொஞ்சம் பார்த்து நடக்கோணுமுங்க" என்றார்.

எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் வேண்டாம் என்று சொல்வதில்லை. பெண் பிடிக்கவில்லை என்றால் "ஊட்ல கலந்துட்டுச் சொல்றோமுங்க" என்பார்கள். பந்தியில் சாம்பார் ஊசிப்போயிருந்தால் "ரசம் நல்லா இருக்குதுங்க" என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மேஸ்திரி 'கொஞ்சம் பார்த்து நடக்கோணும்' என்று சொன்னால், அதைவிடக் கடுமையான எச்சரிக்கை அவரிடம் கைவசம் கிடையாது என்று அர்த்தம். இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊர்த் தண்ணீரையே குடித்து வளர்ந்த எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவ்வளவு பளபளப்பாக வரப்போகிறதாம்.

வந்தது. சிமெண்டுப் பால் ஊற்றி, இரும்புக் கரணையால் தேய்த்துத் தேய்த்து, சாயங்கால வெயிலில் எதிர்வீட்டுத் தென்னை மரம் தலைகீழாகத் தெரியும்படி செய்து கொடுத்தார். வந்தவர்களெல்லாம் குனிந்து பார்த்தார்கள். நான் அடக்கமாக நின்றேன்.

போன வருடம் ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் மழையைக் கொண்டுவருவதைவிட மழையின் நினைப்பைக் கொண்டுவருவதுதான் அதிகம். தூறுகிறதா என்று கையை நீட்டினால் நின்றிருக்கும். கையை உள்ளே இழுத்தால் தரை நனைந்திருக்கும். வெளிச்சம் காலையா மாலையா என்று முடிவு செய்யாமல் நாள் முழுக்க ஒரே சாம்பல் நிறத்தில் நிற்கும். அப்படிப்பட்ட ஒரு நாளில், ஆறு மணிக்கு, என் மனைவி வழக்கம்போல் பெரியகுளத்துக் கரைக்கு நடக்கக் கிளம்பினாள். இருபது வருடமாகக் காலையில் ஒரு மணி நேரம் தனியாக நடக்கிறவள். நானும் வருகிறேன் என்றால் "வேண்டாம், நீங்க பேசுவீங்க" என்பாள். எங்கள் ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை என்று மேலே எழுதினேன். மனைவிமார் அதில் சேர்த்தியில்லை.

சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. ஈரத்துணியைத் தரையில் போட்ட மாதிரி ஒன்று கேட்டது. ஓடி வந்து பார்த்தபோது அவள் சரிவின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தபடி, யாரையோ எதிர்பார்க்கிறவள் போலக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பு அழகாகக் கூடிவிட்டது என்றார் டாக்டர். அவர் பார்த்தது எலும்பை மட்டும். அதன்பிறகு அவள் அந்தச் சரிவில் கால் வைக்கவில்லை. போர்டிகோவிலேயே காரில் ஏறிக்கொள்வாள், நான் பின்னால் எடுத்துத் தெருவுக்குக் கொண்டுபோவேன். கொத்துமல்லி வாங்கத் தெருமுனைக் கடைக்கும் காரில்தான் போனோம். முதல் வாரம் எங்களுக்கு ஏதோ சொத்து வந்திருப்பதாக அக்கம்பக்கம் நினைத்தது. இரண்டாவது வாரம் கடைக்காரர், "சாருக்கு முட்டியில ஏதாச்சும் தொந்தரவுங்களா?" என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எடுத்துக்கொள்ள வேண்டிய பழியை முட்டியிலாவது வாங்கிக்கொள்ளலாம் என்றுதான்.

காலை நடை நின்றுபோனது. ஆறு மணிக்கு எழுந்து போர்டிகோ நாற்காலியில் உட்கார்ந்து கேட்டைப் பார்ப்பாள். பனியோ வெயிலோ அவள் முகத்தில் விழுந்து நகர்ந்துகொண்டிருக்கும். உள்ளிருந்து பார்த்தால் படகுத்துறையில் காத்திருக்கிறவள் மாதிரி இருக்கும். அந்தப் பதினெட்டு அடியும் தண்ணீர் போலத்தான் மினுங்கியது. என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை கிடையாது. சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லி, சண்டை போட்டு, தேறியிருப்பேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. ப்ளீச்சிங் பவுடர் தூவிப் பாசியைத் தேய்த்தேன். பாசி போனதும் பளபளப்பு இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஐப்பசியில் டவுன்ஹால் கடை ஒன்றிலிருந்து முள் முள்ளாக இருக்கும் நீள ரப்பர் பாய் வாங்கி வந்து சரிவின் நடுவில் விரித்தேன். "பாரு" என்று அவளைக் கூப்பிட்டுவிட்டு அதன் மேல் கால் வைத்தேன். என் காலுக்கும் பாய்க்கும் நல்ல பிடிப்பு. பாய்க்கும் தரைக்கும்தான் இல்லை. காலும் பாயும் பிரியாமல் சேர்ந்தே கிளம்ப, நான் அதன் மேல் உட்கார்ந்து கம்பள வியாபாரி போலக் கேட் வரை போய்ச் சேர்ந்தேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் போன பக்கத்து வீட்டுக்காரர் நின்றார்.

"ஏனுங்க, வாக்கிங்குங்களா?"

"ஆமாங்க" என்றேன், உட்கார்ந்தபடியே. "வாங்க, காபி சாப்பிடலாம்."

"இருக்கட்டுமுங்க, இன்னொரு நாளைக்கு வாரேன்."

இந்த மட்டில் இது நான் நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்கும் கதை. சொல்லாமல் விடுவது இதற்கு அடுத்ததைத்தான். திரும்பிப் பார்த்தேன். என்னைத் தூக்கிவிட ஓடி வந்த என் மனைவி, சரிவு தொடங்கும் விளிம்பில் நின்றிருந்தாள். ஒரு கால் காற்றில் இருந்தது. அதைக் கீழே வைக்க அவளால் முடியவில்லை. முகம் வெளுத்து, "எந்திரிச்சிருவீங்களா? எந்திரிச்சிருவீங்களா?" என்று அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

தை பிறந்ததும் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அதே மேஸ்திரி. வந்து செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அன்னிக்கே நான் சொல்லியிருக்கோணுமுங்க" என்றார்.

"சொன்னீங்க."

"சொன்னது பத்தாதுங்க சார்" என்றவர், போர்டிகோவில் உட்கார்ந்திருந்த என் மனைவியிடம் திரும்பினார். "அம்மணி, மன்னிச்சுக்கோங்க. பழசை உடைச்சுப்போட்டுப் புதுசாப் போட்டுரலாம். நீங்க எப்படி நடப்பீங்கன்னு மட்டும் ஒருக்கா நடந்து காட்டுங்க."

அவள் போர்டிகோவின் சமதளத்தில் நடந்து காட்டினாள். மேஸ்திரி குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அவள் பாதங்களைப் பார்த்தார். "ஏனுங்ணா, பரீட்சையா வைக்கிறீங்க?" என்று கேட்டாள். சிரித்த மாதிரியும் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "குதிங்காலை முதல்ல ஊனுறீங்க. சரிவு இன்னும் ரெண்டு இன்ச் தாழ்த்தோணும். மேல சீமாறு இழுத்து வரி போட்டுரலாம். வரி குறுக்கால ஓடோணும், அப்பத்தான் காலைப் புடிக்கும்" என்றார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நல்லதுதான்.

உடைக்கிற மிஷின் இரண்டு நாள் வீட்டையே பல் கடிக்க வைத்தது. கண்ணாடி துண்டு துண்டாகக் கிளம்பி லாரியில் ஏறிப் போனது. மண்ணைத் தட்டி இறுக்கி, கம்பி கட்டி, மூன்றாம் நாள் மத்தியானம் கலவை ஊற்றினார்கள். பலகையால் இழுத்து மட்டம் பார்த்ததும் மேஸ்திரி கரணையால் ஒரு சுற்று தடவினார். அப்போதுதான் ஒன்று நடந்தது. தை மாத வெயில் சாய்ந்து அந்த ஈரத்தின் மேல் விழ, பதினெட்டு அடியும் அசையாத குளம் மாதிரி ஆனது. ஒரு மேகம் அதற்குள் மெதுவாக நகர்ந்தது. கலவை மிஷினை நிறுத்தியிருந்தார்கள். தெருவே உறங்கியது போலிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ, இப்படியே விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு எனக்குள் எழுந்தது. வாயைக்கூடத் திறந்துவிட்டேன். இவ்வளவுக்கும் பிறகு. மனிதன் திருந்துவான் என்று எழுதுகிறவர்கள் யாரும் சொந்த வீட்டு முன்னால் ஈரக் கான்கிரீட்டைப் பார்த்ததில்லை.

"சார் ஏதோ சொல்ல வர்றாருங்க" என்றார் மேஸ்திரி.

"அவரு ஒண்ணும் சொல்லல. நீங்க இழுங்ணா" என்றாள் என் மனைவி.

சீமாறு என்று சொன்ன தென்னந்துடைப்பத்தை மேஸ்திரி இரண்டு கையாலும் பிடித்து, மேலிருந்து ஒவ்வொரு வரியாகக் குறுக்கே இழுத்துக்கொண்டு வந்தார். குளம் ஓரத்திலிருந்து வற்றுவது போல மினுக்கம் மறைந்தது. பின்னால் உழவு ஓட்டிய நிலம் போல ஒன்று உருவாகிக்கொண்டு வந்தது. "இன்னும் கொஞ்சம் அழுத்தமா" என்று நாற்காலியிலிருந்தே சொன்னாள் அவள். "இன்னும் அழுத்துனா ட்ராக்டர்தான் ஓட்டோணும் அம்மணி" என்றார் அவர். ஆனாலும் அழுத்தினார்.

பத்து நாள் யாரும் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கார் தெருவில் நின்றது. நான் மட்டும் சுவரோரச் செடிகளுக்கு மேல் போட்ட பலகையில் போய் வந்தேன். அவள் அந்தப் பக்கமே வரவில்லை. சரிவு முழுக்கச் சாக்கு விரித்து, காலையும் மாலையும் குழாயால் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது என் வேலை. ஒரு தீவில் வசிப்பது போல அந்தப் பத்து நாள் கழிந்தது. காலையில் பனி இறங்கிச் சாக்கின் மேல் நிற்கும். வெயில் ஏறினால் ஆவி கிளம்பும். நனைந்த சணல் வாசனை வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்ளும். நாங்கள் போர்டிகோவில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதற்கென்று இல்லாமல் பேசுவோம், பாதியில் நிறுத்துவோம். கீழே கான்கிரீட் தன்பாட்டுக்கு இறுகிக்கொண்டிருந்தது.

எனக்குள் ஒரு பயம் இருந்தது. பழைய சரிவு இருந்தவரை பழிபோட ஒன்று இருந்தது. இதிலும் அவளால் கால் வைக்க முடியவில்லை என்றால் என்ன செய்வது? கால்களில் ஏறிவிட்ட ஒன்றை எந்த மிஷின் வைத்து உடைப்பது? ஒன்பதாம் நாள் அவளிடமே கேட்டேன், சுற்றி வளைத்து. தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தபடி, "தெரியலைங்க" என்றாள்.

பதினோராம் நாள் காலை சாக்குகளைச் சுருட்டி எடுத்தேன். அடியில் சரிவு கறுத்த ஈரத்தோடு கிடந்தது, வரி வரியாக. காயட்டும், மத்தியானம் பார்க்கலாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவள் ஷூவைப் போட்டுக்கொண்டு விளிம்புக்கு வந்திருந்தாள். நின்றாள். குதிங்காலை ஊன்றினாள். ஷூவை வரியில் லேசாகத் தேய்த்துப் பார்த்தாள். அரிசி களைகிற சத்தம் வந்தது. இரண்டாவது காலையும் வைத்தாள்.

பாதி வழியில், அன்று உட்கார்ந்திருந்த அதே இடத்தில், நின்றுவிட்டாள். பனியில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. நான் ஓரடி எடுத்து வைத்தேன். திரும்பிப் பார்க்காமலேயே வலது கையைப் பின்னால் நீட்டி, விரித்த உள்ளங்கையால் என்னை நிறுத்தினாள். பிறகு நடந்தாள். பார்த்துப் பார்த்து வைத்த அடிகள் நாலைந்துதான். அதற்கப்புறம் நடக்கிறவர்கள் நடக்கிற மாதிரி நடந்தாள். கேட்டைத் திறந்து, வெளியே போய், சாத்தினாள்.

"ஏனுங்க" என்று குரல் மட்டும் வந்தது. "வாரதுக்கு ஏழரை ஆகும். அடுப்புல பால் வச்சிருக்கேன், பார்த்துக்கோங்க."

சரி என்றேன். அவள் தெருமுனை திரும்பிப் பனிக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

பால் பொங்கி வழிந்துவிட்டது.