மூச்சுறிஞ்சிக்கு இரை

இல்லாத பிராணிக்குக் கால் எத்தனை என்று சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி இந்த உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். பறக்கும் தட்டு பற்றிப் பத்திரிகைகள் எழுதித் தள்ளிய காலம் அது. அருமனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த என் கணவருக்கு அந்தச் செய்திகள் தலைக்கேறிவிட்டன. மனிதன் ஒருநாள் வேற்றுக் கிரகங்களில் போய் இறங்குவான், அங்கே எது கடிக்கும், எது கடிக்காது என்று தெரியாமல் திண்டாடுவான், அதற்கு இப்போதே ஒரு கையேடு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எழுதுவது அவர். கோலம் போட்டுப் பழகிய கை என்பதால் படம் போடுகிற வேலை என் தலையில் விழுந்தது.

"காணாத பிராணிய எப்பிடி வரையச் சொல்லுதிய?" என்று கேட்டேன்.

"வாசல்ல எட்டு இதழ் தாமர போடுதியே, அத எந்தக் கொளத்துல பாத்த?" என்றார். பேச்சில் ஆளைப் பிடிக்க முடியாது.

ஒரு பிராணிக்கு ஒரு பக்கம். மேலே படம், கீழே உயரம், எடை, காலடித் தடம், குரல், இரை. துருத்தின்னி என்பது செவ்வாய்க் கிரகத்தில் பழைய ஆணிகளைத் தின்று வாழும். செவ்வாயில் போய் ஆணி அடித்தது யார் என்று கேட்டால் முறைப்பார். சனியின் வளையத்தில் தொங்குகிற இன்னொன்றுக்கு வயிற்றில்தான் காது. எல்லாவற்றையும் பாடப்புத்தகம்போல அடித்துச் சொல்வார். எழுதியதைச் சிவப்பு மையால் திருத்துவார். பலசரக்குக் கடைச் சீட்டு, கல்யாணக் கடிதம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் திருத்துகிற மனுஷன். திருத்தி முடித்தால் உலகத்தில் ஒரு தப்பு ஒழிந்த மாதிரி நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவார்.

நான் எந்தப் பிராணிக்கும் கண் வைக்கவில்லை. எங்கள் ஊர் இசக்கியம்மன் கொடைத் திருவிழாவுக்கு மண்ணால் உருச் செய்கிறவர் கடைசியில்தான் கண் திறப்பார். திறந்த உடனே முன்னால் படைப்பு வைத்தாக வேண்டும். விழித்த உருவைப் பசியோடு விடக் கூடாது என்பது எனக்குத் தாய்ப்பாலோடு வந்த பயம். இதைச் சொன்னால் அவர் சிரிப்பார் என்று, "வெளிச்சம் இல்லாத கிரகத்துல கண்ணு என்னத்துக்கு?" என்று ஒரு விஞ்ஞானக் கேள்வியாகப் போட்டுவைத்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். 'பார்வை இல்லை, சூட்டை வைத்து அறியும்' என்று எழுதிக்கொண்டார். பாதிப் புத்தகம் இப்படியே ஓடியது.

கடைசிப் பிராணி மூச்சுறிஞ்சி. தட்டையான உடம்பு. கூரையில் ஒட்டிக் கிடக்கும். குரல் கிடையாது. இரை: தூங்கும் குட்டிகளின் மூச்சு. மூத்தவளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த நான் அந்த வரியைப் படித்ததும் தாளை அவர் பக்கமே தள்ளிவைத்தேன்.

"வேற என்னத்தையாவது தின்னக் குடுங்களேன்," என்றேன்.

"அது நம்ம வீட்டு விருந்தாளியாக்கும்! என்ன வேணும்னு கேட்டு ஆக்கிப்போட?" என்றார்.

வரைந்து வைத்துவிட்டு அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போனேன். பெண் பிள்ளை பிறந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அந்தப் படம் மேஜைமேல் கிடந்தது. அதற்கு இரண்டு கண் இருந்தது. கண் இல்லாவிட்டால் பிள்ளைகள் வாங்காது என்று வடசேரி அச்சகத்துக்காரர் சொன்னாராம், இவரே வைத்துவிட்டாராம். ஒரு குடம் வரையச் சொன்னால் பூசணிக்காய் வரைகிற மனுஷனுக்கு அந்தக் கண் மட்டும் எப்படி அமைந்ததோ தெரியாது. தொட்டில் கட்டிய பக்கமே அது பார்த்தது. நான் கத்தினேன். அவர் வழக்கம்போலச் சிரித்துவிட்டுத் தாளைச் சுருட்டி அச்சகத்துக்குக் கொண்டுபோனார்.

வீட்டைச் சுற்றி நின்ற ரப்பர் மரங்களில் காய் வெடிக்கிற காலம் வந்தது. ஒவ்வொரு காயும் ஓட்டில் வந்து விழும்போது நான் கூரையைப் பார்ப்பேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

பிள்ளை தவழத் தொடங்கிய சமயத்தில் காய்ச்சல் வந்தது. தொண்டைக்குள் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. மூச்சு ஒவ்வொன்றும் மரம் அறுக்கிற சத்தத்தோடு வந்தது. அவர் தொட்டில் பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். அன்றைக்குத்தான் நான் நிஜமாகவே பயந்தேன். நான் பயந்தால் சிரிக்க இவர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் அதுவரை பயந்துகொண்டிருந்திருக்கிறேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு ஓடினார். டாக்டரைக் கூட்டிவரத்தான் போகிறார் என்று நினைத்தேன். வெயில் ஏறியும் ஆளைக் காணவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நானே நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவள் மூக்கில் விரலை வைத்தபடியே போனேன். தொண்டை அடைப்பான் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். இவ்வளவு தாமதமாகக் கொண்டுவருவீர்களா என்று டாக்டர் வறுத்தெடுத்தார்.

மறுநாள்தான் அவர் வந்தார். கையெல்லாம் அச்சு மை.

"எங்க போனிய?"

"அச்சகத்துக்கு. அந்த வரிய எடுத்தாச்சு. இரை மழத்தண்ணின்னு மாத்தியாச்சு. இனி பயப்படண்டாம்."

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை விழித்து, பசியில் அழுதாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஊசி போட்ட டாக்டர் பக்கத்துக் கட்டிலில்தான் நின்றார். இவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புத்தகம் வெளிவரவே இல்லை. அச்சடித்த தாள்களையெல்லாம் அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து, திருத்துவதே வேலையாக உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக்காரர் காலில் துருப்பிடித்த ஆணி ஏறியதும் துருத்தின்னியின் இரை மாறியது. அதே மனுஷன்தான் பள்ளிக்கூடத்தில் மலேரியா கொசுவால் வருகிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். சண்டை போட்டேன், அழுதேன். ஒருநாள் எல்லாவற்றையும் அடுப்பில் வைக்கப் போனேன். கண் திறந்த ஒன்றை எரிக்க எனக்கே கை வரவில்லை.

அடுத்தது மகன் பிறந்தான். நடக்கத் தொடங்கியதிலிருந்தே அப்பா பிள்ளை. எங்கள் அம்மா படுக்கையில் விழுந்தாள் என்று ஆள் வந்து சொன்னபோது மகளோடு கிளம்பினேன். அவன் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றுவிட்டான்.

திரும்பி வந்தபோது மரம் அறுக்கிற அந்தச் சத்தம் முற்றத்திலேயே கேட்டது. உள்ளே தரை முழுக்கத் தாள். நடுவில் அவர், சிவப்பு மையோடு. மூலையில் பாயில் மகன் கிடந்தான். என்னைப் பார்த்து அழக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

"காய்ச்சல் எப்பம் வந்து?"

"முந்தாநேத்து. பயப்படாத, ஏட்டி. பாதி முடிச்சாச்சு," என்றார், தலையைத் தூக்காமல்.

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு ஓடினேன். அவரும் பின்னாலேயே வந்து பஸ்ஸில் ஏறினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் மகனின் நெஞ்சில் குழலை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தார். நர்ஸிடம் ஊசி கேட்கவில்லை.

வராந்தா பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் மூச்சுறிஞ்சியின் பக்கம். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும், அந்த முகத்தில் அறைய வேண்டும் என்று போனேன். அவ்வளவு வெறுப்பு எனக்கு யார்மேலும் வந்ததில்லை. என் கையில் பிள்ளை இல்லை என்பதை அவர் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை விரலை வைத்துப் படித்தார்.

"எந்த வரியில தப்பு விட்டேன், ஏட்டி?" என்று கேட்டார்.