குளியலறை ஜன்னலில் ஒரு புள்ளி

எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைக்காரருக்கு 'மூச்சுப்பிடி' என்று பட்டப்பெயர். "மூச்ச நல்லா இழுங்க... பிடிங்க... அசையாதீங்க!" என்று நாள் முழுக்க அதட்டுவார். பக்கத்து அறையில் சீட்டு எழுதும் நானும் பல தடவை என்னை அறியாமல் மூச்சை அடக்கியிருக்கிறேன். பழைய படம் இல்லாமல் வருபவர்கள் தொலைந்தார்கள். "பழசு இல்லாம என்னத்த ஒத்துப் பாக்கறது? குப்பையில போட்டீங்களா?" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

போன மாதம் ஊழியர்களுக்கு முதல்முறையாக உடல் பரிசோதனை. அவருடைய நெஞ்சுப் படத்தில், வலது நுரையீரலின் மேல்பக்கம், மிளகளவு வெள்ளைப் புள்ளி.

"புற்றுநோயா இருக்கலாம், ஆறிப்போன தழும்பாவும் இருக்கலாம். வருஷக்கணக்கா அப்படியே இருந்தா பயமில்ல" என்றார் படம் பார்க்கும் டாக்டரம்மா. "பழைய படம் இருக்கா அண்ணே?"

மனிதர் பேந்தப் பேந்த விழித்தார். வேலையில் சேர்ந்தபோது எடுத்தது ஒன்று உண்டு. எங்கே வைத்தார் என்றுதான் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் அந்தப் புள்ளியை விரலால் துடைத்துப் பார்ப்பதைக் கண்டதும் வெட்கமாகிவிட்டது.

வீட்டில் பீரோவையும் பரணையும் தலைகீழாக்கினார். ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"எங்க அந்தப் புள்ளி?" என்றார் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா. இவர் புதுப் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டினார்.

"அட, இது நம்ம குளியலறை ஜன்னல்ல இருக்கற சோப்புக் கறையாச்சே! பன்னெண்டு வருஷமாத் தேய்க்கறேன், போகவே மாட்டேங்குது!"

ஜன்னல் கண்ணாடி உடைந்த அன்று, "நாளைக்கே மாத்திடறேன், அதுவரைக்கும் இது இருக்கட்டும்" என்று அந்தப் பழைய படத்தை அங்கே ஒட்டியவர் சாட்சாத் அவரேதான்.

மறுநாள் ஒட்டிய டேப்போடு படம் வந்து சேர்ந்தது, கூடவே அக்காவும். ஒரே கீறல், ஆனாலும் புள்ளி தெளிவாக இருந்தது. டாக்டரம்மா இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் மாட்டி, ஸ்கேல் வைத்து அளந்தார். மூச்சுப்பிடி கதவோரம் நின்றார்.

"ஒரு நூல்கூட வளரல. பழைய தழும்புதான். மூச்ச விடுங்க அண்ணே."

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கண்ணாடிய மாத்துங்கன்னு பன்னெண்டு வருஷமா இவரத் திட்டினேன்" என்றார், கண்ணைத் துடைத்தபடி. "நல்லவேளை, ஒரு நாளும் காதுல வாங்கல."