வாக்குச்சாவடி வாசலில் ஒரு நாள் முழுக்க

போன நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் நடந்தது இது. காரைக்காலில், கருக்களாச்சேரிக்குப் பக்கத்தில், கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயரும் வேண்டாம், கட்சிப் பெயரும் வேண்டாம். இரண்டையும் சொன்னால் ஆள் யார் என்று தெரிந்துபோகும்.

எனக்குக் கட்சிப் பைத்தியம் கொஞ்சம் அதிகம். அதை நான் மறைத்ததே இல்லை. வீட்டில் தையல் மெஷின் ஓட்டுகிறவள்தான், ஆனால் பொழுது சாய்ந்தால் கால் தானாக மன்றத்துக்கு நடந்துவிடும். "அங்கயே பாய் போட்டுப் படுத்துக்கயேன்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். மன்றம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரம் போட்ட ஓர் அறை, ஒரு டிவி, நாலு பெஞ்சு, வாசலில் கொடிக்கம்பம், பக்கத்தில் ஒரு கரும்பலகை. அந்தக் கரும்பலகை என் பொறுப்பு.

எங்கள் சட்டசபை இருப்பது புதுச்சேரியில். நடுவில் தமிழ்நாட்டைக் கடந்து, பஸ்ஸில் அரை நாள் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். அதனால் சபையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள எங்கள் ஆட்களுக்கு ஓர் அரிப்பு உண்டு. சபை கூடும் நாட்களில் நம் உறுப்பினர் என்ன கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார், யார் வெளிநடப்பு செய்தார் என்று நான் சாக்பீஸால் எழுதிப் போடுவேன். போனில் எல்லாம் வந்துவிடுகிறதே என்பீர்கள். வருகிறதுதான். ஆனால் பலகைக்கு முன்னால் நின்று நாலு பேர் சண்டை போடுவது போனில் வருமா?

எங்கள் தெருவில், இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா. மீன் கூடை சுமந்து தருமபுரம் வரை தெருத்தெருவாக விற்று மகனை வளர்த்தவர். புருஷன் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே பிள்ளை. என்னைச் சித்தி என்று கூப்பிடுவான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்தலுக்கு முந்தின ஐப்பசியில் அவன் போன படகு அலையில் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் எல்லோரும் கரை சேர்ந்துவிட்டார்கள். அவன் மட்டும் வரவில்லை. எங்கள் ஊர்ப் படகுகளும் மண்டபத்தூர்ப் படகுகளும் நாள் கணக்கில் தேடின. உடலும் கிடைக்கவில்லை.

எங்கள் மன்றத்தில் ஒரு பழக்கம். நல்லது கெட்டது எது நடந்தாலும் முதலில் பிளெக்ஸ் வைத்துவிட வேண்டும். எதிர்க்கட்சிக்காரன் வைப்பதற்குள் நாம் வைக்க வேண்டும் என்று ஒரு போட்டி. தேடல் நின்றுபோன வாரம், பையன்கள் அவன் படத்தைப் போட்டு, மேலே தலைவர் படத்தையும் போட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்று முச்சந்தியில் கட்டிவிட்டார்கள். பிரியத்தில் செய்ததுதான். அதில் பாதிப் பேர் அவனோடு ஒன்றாகப் படித்தவர்கள். அக்கா கூடையோடு வந்தார், நிமிர்ந்து பார்த்தார், கூடையைக் கீழே வைத்தார். மீன் நறுக்கும் கத்தியால் அதைக் கிழித்துச் சுருட்டிக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தார். யாருக்கும் கிட்டே போகத் துணிச்சல் வரவில்லை. எனக்கும்தான்.

அதன் பிறகு அவரிடம் அவனைப் பற்றி யாரும் 'இருந்தான்' என்று பேசுவதில்லை. காரியம் செய்யச் சொன்ன சொந்தக்காரர்களிடம், "எவனுக்குக் காரியம்?" என்று திருப்பிக் கேட்டார். அழவே இல்லை. ஒரு சொட்டுக்கூட நான் பார்க்கவில்லை.

ஆனால் பலகையைப் பார்க்க மட்டும் வந்தார். சபை கூடிய நாட்களில் வியாபாரம் முடிந்து வரும்போது, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிப்பார். 'கடலில் காணாமல் போன மீனவர்களைத் தேட நடவடிக்கை என்ன என்று நம் உறுப்பினர் கேட்டார், பரிசீலிப்பதாக அமைச்சர் பதில்' என்று ஒரு நாள் எழுதியிருந்தேன்.

"பரிசீலிக்கிறதுன்னா என்னா தங்கச்சி?"

"பாக்குறோம்னு சொல்றாங்கக்கா."

"எங்க பாக்குறாங்க? கடல்லயா?"

அன்றைக்கு அந்த வரியை அழித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஓர் அலுவலர் வீடு வீடாக வந்தபோது, கட்சி சார்பில் நானும் கூடப் போனேன். அக்கா வீட்டு வாசலில் அலுவலர் அவர் மகன் பெயரை வாசித்தார். நான் தரையைப் பார்த்தேன். "இருக்கான், எழுதிக்குங்க" என்றார் அக்கா. அலுவலர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இறப்புச் சான்று இல்லாத பெயரில் கைவைக்க முடியாது என்று அவரும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அப்படித்தான் அவன் பெயர் பட்டியலில் நின்றது. பிறகு பூத் சிலிப் கொடுக்கப் போனேன். அக்காவுடையதை மட்டும் நீட்டினேன். கையை மடக்காமல் அப்படியே நின்றார். மகனுடையதையும் வைத்தேன்.

தேர்தலுக்கு முந்தின சாயங்காலம் மன்றத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். யார் எம்.பி. ஆகிறார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், எங்கள் பூத்தில் யார் முந்துவது என்பதில்தான் எங்கள் மானமே அடங்கியிருக்கிறது. அப்போது வெளித்தெரு ஆள் ஒருவர், "காணாமப் போன பயலோட ஓட்டு சும்மாதானே கெடக்கு, யாரயாவது வுட்டுப் போட்டுடலாமே" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அந்த ஓட்டத் தொட்டீங்க, நானே போலீசுல சொல்லுவேன்" என்று கத்திவிட்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்.

ஊரில் எந்தப் பேச்சு ஒரே வாயில் நிற்கும்? மறுநாள் விடியும் முன்பே அக்கா என் வீட்டு வாசலில்.

"அவன் ஓட்ட வேற எவனும் போட்டுடக் கூடாது தங்கச்சி."

"நான்தானக்கா உள்ள ஏஜெண்டு. என்ன மீறி நடந்துடுமா?"

"நீ உள்ள பாரு. நான் வெளிய பாத்துக்கறேன்."

எங்கள் பூத் ஊர்ப் பள்ளிக்கூடத்தில். உள்ளே எனக்குப் பக்கத்து நாற்காலி எதிர்க்கட்சி ஏஜெண்டுக்கு. ஐஸ் பாக்டரியில் வேலை பார்க்கும் அண்ணன் அவர். தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் இருவருக்கும் வாய்ச்சண்டை நடக்காமல் இருக்காது. மத்தியானம் அவர் வீட்டுச் சோற்றை நானும் என் வீட்டுக் குழம்பை அவரும் சாப்பிடாமலும் இருக்காது. அன்று உட்கார்ந்ததுமே அவர் காதில் விஷயத்தைப் போட்டேன். அவர் தன் பட்டியலைப் பிரித்துக் காட்டினார். அந்தப் பெயரைச் சுற்றி ஏற்கெனவே சிவப்பு மையில் வட்டம்.

"ஒங்க ஆளு வந்தாலும் வுட மாட்டேன், எங்க ஆளு வந்தாலும் வுட மாட்டேன்" என்றார். என் கட்சியில் அப்படி ஒருவர் இல்லையே என்று அந்த நிமிடம் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அக்கா முதல் ஆளாக ஓட்டுப் போட்டார். வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்கூட வாசலில் பூவரச மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். கூட்டம் சேரக் கூடாது என்று விரட்ட வந்த போலீஸ்காரரிடம் ஐஸ் பாக்டரி அண்ணன்தான் வெளியே போய்ப் பேசினார். மீன்பிடித் தடைக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. விசைப்படகுகள் எல்லாம் கரையில். அதனால் ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அக்கா வரிசையில் வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பது தெரிந்தது. திருடனைப் பிடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மத்தியானம் வெயில் கொளுத்தியது. அண்ணன் தன் மோர் பாட்டிலைக் கொடுத்தனுப்பினார். நான் போய்க் கூப்பிட்டேன். "சாப்புட்டு வாங்கக்கா, அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்ல." மோரை மட்டும் வாங்கிக்கொண்டார். கண்ணை வாசலை விட்டு எடுக்கவில்லை.

பிறகுதான் அது நடந்தது. ஓட்டுப் போட வருகிறவரின் பெயரை அங்கே உள்ள அலுவலர் ஏஜெண்டுகளுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசிப்பார். திடீரென்று அவன் பெயர் வாசிக்கப்பட்டது. நானும் அண்ணனும் ஒன்றாக எழுந்துவிட்டோம். பார்த்தால், வந்தவர் அடுத்த தெருப் பெரியவர். அதே பெயர், அப்பா பெயர் வேறு. நாங்கள் அசடு வழிந்து உட்காருவதற்குள் அக்கா வாசல்படிக்கு ஓடி வந்துவிட்டார். முந்தானை கீழே புரண்டது. மூச்சு வாங்கியது. அந்தப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அக்கா அப்படியே நின்றுவிட்டார். போலீஸ்காரர் அதட்ட வந்தபோது, "கள்ள ஓட்டோன்னு பயந்துட்டாங்க சார்" என்று நான்தான் சமாதானம் சொன்னேன். அக்கா மரத்தடிக்குத் திரும்பினார்.

ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். மெஷினுக்குச் சீல் வைத்து, நாங்கள் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபோது பொழுது மங்கிவிட்டது. அக்கா அதே இடத்தில் இருந்தார்.

"வரலயா?" என்று கேட்டார்.

"யாரும் வரலக்கா. ஒருத்தனும் கிட்ட வரல. புள்ள ஓட்ட யாரும் தொடல" என்றேன். ஏதோ சாதித்துவிட்ட குரலில்தான் சொன்னேன். "ஆமாம்மா, நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றார் அண்ணன்.

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன தடவ, அவன் கொச்சியில வேல பாத்தப்ப, ஓட்டுக்கு வர மாட்டேன், லீவு இல்லன்னுதான் போன்ல சொன்னான். நானும் வுட்டுட்டேன். அன்னக்கி மத்தியானம் பஸ்ஸ வுட்டு எறங்கி நேரா இங்க வந்து போட்டுட்டு, மை வச்ச வெரல நீட்டிக்கிட்டு வூட்டு வாசல்ல வந்து நின்னான் தங்கச்சி. சொல்லாம கொள்ளாம. எங்க கெடந்தாலும் ஓட்டுக்கு வந்துடுவான்னு இருந்தேன்." வரிசை நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தார். "சாத்திட்டாங்கல்ல? அப்ப என் புள்ள இல்ல."

அதற்குப் பிறகு அவர் அழுத அழுகையை எழுத எனக்குத் தெரியாது. அத்தனை மாதமாக அடக்கி வைத்தது அந்தப் பள்ளிக்கூட வாசலில் வெளியே வந்தது. மகன் பெயரைச் சொல்லிச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டார். நான் கட்டிப் பிடித்துக்கொண்டு சேர்ந்து அழுதேன். அண்ணன் கட்சித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மரத்தில் சாய்ந்து நின்றார். ஓட்டு மெஷினை ஏற்ற வந்த அலுவலர்களும் என்ன ஏது என்று கேட்காமல் ஒதுங்கி நின்றார்கள். வீட்டுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போகும் வழியில், "பட்டியல்லேருந்து அவன் பேர எடுத்துடு தங்கச்சி" என்று அக்காவே சொன்னார்.

அடுத்த அமாவாசைக்குக் கடற்கரையில் காரியம் நடந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் வந்தார்கள். யாரும் பிளெக்ஸ் வைக்கவில்லை. எங்கள் பூத்தில் நாங்கள்தான் முந்தினோம் என்று பிறகு தெரிந்தது. வெடி வாங்கி வந்த பையன்கள் அதை எங்கள் தெருவில் வெடிக்காமல் வேறு பக்கம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அக்கா இப்போதும் மீன் விற்கிறார். என்னோடு பேசுகிறார். அந்த நாளைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை. நான் இன்னும் மன்றத்துக்குப் போகிறேன், ஏஜெண்டாக உட்காருகிறேன், வாய்ச்சண்டையும் போடுகிறேன். ஆனால் அலுவலர் பெயர் வாசிக்க ஆரம்பித்தால், வெளியே யாரோ ஒருத்தி அந்தப் பெயரைக் கேட்பதற்காகவே உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பு வந்து, என் கண் பட்டியலை விட்டு வாசலுக்குப் போய்விடுகிறது.