சுவருக்குள் ஒரு நாடா

நூலைப் பல்லால் கடித்து அறுத்து, நுனியின் முறுக்கை விரலால் பிரித்துப் பார்த்தார் டேப்பக்கா. கழுத்தில் இன்ச் டேப். வாசல் மணி அடித்தாலும் அதைக் கழற்ற மாட்டார். தெருவில் அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். "முறுக்கு சரியில்லாத நூல்ல தைக்கறதுக்குத் தைக்காமலே இருக்கலாம்" என்றார், கணினித் திரையில் இருந்த மாணவிகளிடம். அவர்கள் பதில் சொல்வதற்குள் திரை உறைந்தது.

"மறுபடியும் சிலையாயிட்டாளுங்க."

தையல் வகுப்புதான் அவருக்கு வருமானம். கணவர் இறந்த பிறகு பேச்சுத்துணையும் அதுதான். மாணவிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். கோளாறு கேபிளில் என்று மகள் கண்டுபிடித்தாள். அவளுக்கு நெட்வொர்க் வேலை. கூடத்திலிருந்து தையல் அறைக்குச் சுவருக்குள் ஓடும் குழாயில் அப்பா இழுத்துவிட்ட கேட்-5 ரக இணையக் கேபிள், ஒரு வளைவில் நசுங்கியிருந்தது.

"உங்கப்பா போட்டது. அதுல கை வைக்காத."

மகள் வெட்டுமேசையில் நாலு துண்டுக் கேபிள்களைத் தோலுரித்து வைத்தாள். எல்லாவற்றிலும் நாலு ஜோடிக் கம்பிகள். கேட்-5இல் முறுக்கு தளர்வு. 5இ என்ற ரகம் கொஞ்சம் இறுக்கம். 6இல் இன்னும் இறுக்கம், ஜோடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தண்டு. 6ஏ தடியன், வேகமும் அதிகம். ஒரு ஜோடியின் பேச்சு பக்கத்து ஜோடிக்குக் கசியாமல் இருக்கத்தான் முறுக்கு என்றாள்.

அக்கா ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்தார். "ஒட்டுக்கேக்காம இருக்கவா இவ்வளவும்? நம்ம தெருவுக்கே ரெண்டு சுத்து முறுக்கிவிடணும்."

புதுக் கேபிள் வாங்க இருவரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கேட்-8ஐ நீட்டினார். "இதான் மேடம் லேட்டஸ்ட்."

"சட்டைத்துணி கேட்டா கூடாரத்துணி காட்டறீங்களே தம்பி" என்றார் அக்கா. மகள் சிரித்தபடி கேட்-6 வாங்கினாள். வீட்டுக்கு அது தாராளம்.

வீட்டில் அக்கா மறுபடி முறுக்கிக்கொண்டார். "பழசைப் பிடுங்கித்தான் ஆகணுமா?"

"பழசு இல்லாம புதுசு உள்ள போகாதும்மா. அதோட வால்ல இதைக் கட்டி, அந்தப் பக்கமிருந்து அதை இழுக்கணும்."

"பாவாடைக்கு நாடா மாத்தற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "சரி. அப்போ உங்கப்பாவே கூட்டிட்டு வரட்டும்."

மகள் பசைநாடா சுற்றிக் கட்டிய முடிச்சு வளைவில் சிக்கிக்கொண்டது. "மூட்டை மாதிரி கட்டினா எங்கடி நுழையும்?" அதைப் பின்னுக்கு இழுத்து அவிழ்த்தார் அக்கா. கம்பிகளை ஒன்றைவிட ஒன்று குட்டையாக வெட்டி, நுனி கூராக வரும்படி நூலால் வரிந்தார். பிறகு தையல் அறைக்குப் போய் உட்கார்ந்து, கைமாற்றிக் கைமாற்றி இழுத்தார். பழசு முழுக்க மடியில் வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே புதுசு தலைநீட்டியது.

அடுத்த வகுப்பில் ஒருத்தி சொன்னாள்: "அக்கா, இப்ப ஊசிக்கண்ணே தெரியுது."

"தெரியுதில்ல, கோத்துக் காட்டு."

இன்ச் டேப் நாற்காலி முதுகில் கிடந்தது. அக்காவின் கழுத்தில், சுருட்டிய பழைய கேபிள். அது சரிந்துவிடாமல் ஒரு கையால் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மறுகையால் துணியை ஊசிக்கடியில் நகர்த்தினார்.